இருக்கிறா

அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஷமீலா தன் கதிரையில் உட்கார்ந்தபோது, மேசைத் தொலைபேசியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திங்கள் பின்னேரத்திலிருந்து அது அப்படித்தான் எரிகிறது. எரிகிறதே தவிர, ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

கோல் வரவில்லை என்றால் வன்னியில் எந்தக் கர்ப்பிணிக்கும் வாகனம் தேவைப்படவில்லை என்றுதானே அர்த்தம்? அப்படி நினைத்துத்தான் செவ்வாயையும் புதனையும் அவள் கழித்தாள். ஷமீலா கெட்டிக்காரிதான். ஆனால் கெட்டிக்காரர்களுக்கும் வசதியான ஒரு விளக்கம் கிடைத்துவிட்டால் அதற்கு மேலே யோசிக்க மனம் வருவதில்லை.

அவளைப் பதின்மூன்று வாரமாகப் பார்த்து வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றுதான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக நாலு வரி. ஷமீலாவுக்கு முப்பத்தொரு வயது. முல்லைத்தீவில் வீடு. கணவன் ஸஜாத் மாங்குளம் வீதியில் மோட்டார் சைக்கிளில் போனவன், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு இத்தா. நான்கு மாதமும் பத்து நாளும் படலையைத் தாண்டாமல், அந்நிய ஆண்களின் முன் வராமல் வீட்டோடு இருக்க வேண்டும். இன்று நூற்றுப் பதினோராவது நாள். இன்னும் பத்தொன்பது இருக்கிறது.

வீட்டில் அவளோடு ஸஜாத்தின் தாய் நாச்சியா மாமியும், எட்டு வயது மகள் ஸஹ்றாவும். புத்தளத்தில் இருக்கிற ஸஜாத்தின் அண்ணன், றவூப் நானா, "தனிய அங்க இருந்து என்ன செய்யப்போறீங்க? எல்லாரும் இங்க வாங்கோ" என்று வாரம் தவறாமல் கேட்பார். "எனக்கு இங்க வேலை இருக்கு மச்சான்" என்று அவளும் வாரம் தவறாமல் சொல்வாள். அந்த ஒரு பதிலின் பலத்தில்தான் அவள் தன் வீட்டில் இருந்தாள்.

வேலை, கிளிநொச்சியில் இருக்கும் 'கைத்துணை' என்ற சேவையில். பஸ் போகாத ஊர்களில் இருக்கிற கர்ப்பிணிகள் ஒரு இலக்கத்துக்கு எடுப்பார்கள். அது இன்ரர்நெற் வழியாக இந்த மேசைக்கு வரும். ஷமீலா ஊரையும் மாதத்தையும் கேட்டு, பக்கத்தில் நிற்கிற வானுக்கோ முச்சக்கரவண்டிக்கோ செய்தி தட்டிவிடுவாள். எடுக்கிறவர்கள் எல்லாம் பெண்கள் என்பதால் பள்ளிவாசல் மௌலவியும் தடை சொல்லவில்லை.

"ஷமீலா?" குசினி அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"இருக்கிறன் மாமி."

இது மணித்தியாலத்துக்கு நாலைந்து தடவை நடக்கும். ஸஜாத் போன முதல் கிழமையில், சுவரைப் பார்த்தபடி கிடந்த ஷமீலாவை அந்தக் குரல்தான் இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. அப்போது அது ஆறுதல். இப்போது அதைக் கேட்கும்போதெல்லாம் சிறைச்சாலையில் ஆள் எண்ணுகிற ஞாபகம் வருகிறது. இப்படி நினைப்பதற்காக அவள் தன்னையே கோபித்துக்கொள்வதும் உண்டு.

எட்டரைக்குக் கைத்தொலைபேசி அடித்தது. மேற்பார்வையாளர் சிவதர்சினி.

"ஷமீலாக்கா, உங்களுக்கு ஏதும் சுகமில்லையோ?"

"இல்லை மிஸ், நல்லா இருக்கிறன். ஏன்?"

"திங்கக்கிழமையில இருந்து உங்கட மேசைக்குப் பதினேழு கோல் அனுப்பியிருக்கு. ஒண்டையும் நீங்கள் எடுக்கேல்லை."

ஷமீலா மேசைத் தொலைபேசியைத் திரும்பிப் பார்த்தாள். "போன் அடிக்கவே இல்லை மிஸ்."

"எங்கட திரையில உங்கட பேருக்கு நேர பச்சையா 'இருக்கிறார்' எண்டு காட்டுது அக்கா. இல்லாட்டி 'இல்லை' எண்டு காட்டும். மூண்டு நாளும் 'இருக்கிறார்'தான்."

"பொறுங்கோ, நான் இந்த மேசைப் போனில இருந்து உங்களுக்கு எடுக்கிறன்."

எடுத்தாள். உடனே போனது. சிவதர்சினியின் குரல் பக்கத்து வீட்டில் நின்று கதைப்பதுபோலத் தெளிவாகக் கேட்டது. அவள் வைத்ததும் சிவதர்சினி அங்கிருந்து எடுத்தாள். மேசைத் தொலைபேசி கணீரென்று அடித்தது.

அடிக்கிறதே என்று சந்தோசப்பட்டவள், அடுத்த நொடியே அது தனக்கு எதிரான சாட்சி என்று புரிந்துகொண்டாள்.

"பாத்தீங்களோ அக்கா," என்றாள் சிவதர்சினி. குரலில் கோபம் இல்லை, சங்கடம் இருந்தது. "நேற்று போன், கொம்பியூட்டர் பாக்கிற எங்கட கிருசாந்தன் உங்கட வீட்டு நம்பருக்கும் எடுத்தவர். அவர் எழுதின குறிப்பை வாசிக்கிறன். 'வீட்டில் இருக்கிறார். ஆனால் கதைக்க ஏலாது என்று சொல்லப்பட்டது.' இதைப் பணிப்பாளர் பரமேஸ்வரன் சேரும் பாத்திட்டார். இண்டைக்கு நாலு மணி மட்டும் பாப்பமாம். ஒரு கோல் விடுபட்டாலும் மேசையை வேற ஆளுக்கு மாத்தச் சொல்லிட்டார்."

ஷமீலா குசினிப் பக்கத் திரைச்சீலையை விலக்கினாள். "மாமி, நேற்று ஆரும் போன் எடுத்தவங்களோ?"

நாச்சியா கையைத் துடைத்தபடி வந்தார். அறுபத்திரண்டு வயதிலும் நிமிர்ந்த நடை. "ஓம் மகள், நீ தொழுதுகொண்டிருக்கேக்க ஒரு பொடியன் எடுத்தான். 'ஷமீலாக்கா இருக்கிறாவோ' எண்டான். 'ஓம் தம்பி, அவ இருக்கிறா, கதைக்க ஏலாது' எண்டன். பிழையோ?"

பிழை இல்லை. இவர்கள் தெருவில் எவரிடம் சொன்னாலும் விளங்கியிருக்கும். விதவையான பெண்ணைப் பற்றி 'இருக்கிறா' என்றால் இத்தா இருக்கிறா என்றுதான் அர்த்தம், 'இத்தா' என்று தனியாகச் சொல்லத் தேவையே இல்லை. ஆனால் கிருசாந்தன் முஸ்லிம் வழக்குத் தெரியாத ஸ்கந்தபுரத்துப் பிள்ளை. அவனுக்கு 'இருக்கிறா' என்றால் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருக்கிறா. கேட்டவனும் பொய் கேட்கவில்லை, சொன்னவரும் பொய் சொல்லவில்லை, நடுவில் ஷமீலாவின் பெயர் கெட்டுப் போனது.

அவள் சிவதர்சினிக்குத் திரும்ப எடுத்து விளக்கினாள்.

"அண்ணா விபத்தில மோசம் போனது எங்களுக்குத் தெரியும் அக்கா. ஆனா இந்தச் சொல்லு எனக்கும் தெரியாது. நான் சேரிட்டச் சொல்லுறன். எண்டாலும்..."

"பதினேழு கோல்."

"ஓம். அதுக்கு என்ன சொல்லுறது? கிருசாந்தன் பூநகரிக்குப் போயிட்டார், அவர் நிக்கிற இடத்தில சிக்னலும் இல்லை. ரெண்டு மணிக்குத்தான் வருவார். அதுமட்டும் எப்பிடியாவது பாத்துக்கொள்ளுங்கோ."

எப்பிடியாவது என்றால் எப்படி? ஷமீலா பச்சை விளக்கைப் பார்த்தபடி இருந்தாள். இந்த விளக்கு பொய் சொல்கிறது. அது எப்போது பொய் சொல்கிறது, எப்போது உண்மை சொல்கிறது என்பதையாவது கண்டுபிடிக்க வேண்டும்.

ஸஹ்றாவின் பழைய கொப்பி ஒன்றை எடுத்தாள். கைத்தொலைபேசியிலிருந்து தன் மேசையின் நேர் இலக்கத்துக்கு எடுத்தாள். காதில் அடிக்கிற சத்தம் கேட்டது, மேசை சும்மா கிடந்தது. பிறகு மேசையிலிருந்து சோதனை இலக்கம் ஒன்றுக்கு எடுத்து வைத்துவிட்டு, உடனே கைத்தொலைபேசியில் அழைத்தாள். மேசை அடித்தது. அரை நிமிடம் விட்டு அழைத்தாள், அடித்தது. ஒரு நிமிடம் விட்டு, அதுவும் அடித்தது. ஒன்றரை நிமிடம் விட்டு அழைத்தபோது அடிக்கிற அசுமாத்தமே இல்லை.

மூன்று தரம் திரும்பச் செய்து பார்த்தாள். கொப்பியில் எழுதியதை வாசித்தபோது விசயம் வெளித்துவிட்டது. இந்தப் போனைப் பாவித்து ஒரு நிமிடம் வரைக்கும்தான் அதற்குள் உயிர் இருக்கிறது. அதன் பிறகு வெளியே இருந்து யாரும் வர முடியாது. ஆனால் விளக்கு மட்டும் பச்சையாக எரியும்.

அப்படியென்றால் நிமிடத்துக்கு ஒரு தரம் தானே தட்டியெழுப்ப வேண்டியதுதான். பத்து மணிக்குத் தொடங்கினாள். சோதனை இலக்கத்தை அமத்துவது, மறுமுனையில் சத்தம் கேட்டதும் வைப்பது, மணிக்கூட்டைப் பார்ப்பது, திரும்ப அமத்துவது.

பத்தே காலுக்கு முதல் கோல் வந்தது. நெடுங்கேணியிலிருந்து ஒரு பெண், நாளைக்குக் கிளினிக்காம். அந்தப் பெண் சாதாரணமாக "ஹலோ" சொன்னதற்கு ஷமீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு தேத்தண்ணி இல்லை. மலசலகூடம் இல்லை. நிமிடத்தில் போய் நிமிடத்தில் திரும்ப முடியாத எதுவும் இல்லை. நூற்றுப் பதினொரு நாளாக வீட்டுக்குள் அடைபட்டிருந்தவள், இன்று ஒரு கதிரைக்குள் அடைபட்டாள். அடுத்து எதற்குள் அடைபடுவேனோ என்று நினைத்தபோது அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது.

"ஷமீலா?"

"மாமி, கொஞ்ச நேரம் என்னைக் கூப்பிடாதேங்கோ."

குசினியில் சட்டி வைக்கிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

லுஹர் நேரம் வந்தது. தொழுகையை விட முடியாது, போனையும் விட முடியாது. ஷமீலா மாமியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"இதை அமத்துங்கோ. சத்தம் கேட்டதும் இதை அமத்தி வையுங்கோ. நிமிசத்துக்கு ஒருக்கா. அவ்வளவுதான்."

"நானோ?" நாச்சியா கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். "எனக்கு உந்தச் சாமான் தெரியாது மகள்."

"சின்ன வேலை மாமி. நான் தொழுதிட்டு வாறன்."

மறுக்க ஒரு காரணமும் இல்லாமல் நாச்சியா கதிரை நுனியில் இருந்தார். ஷமீலா பின்பக்கம் பாயை விரித்துத் தக்பீர் கட்டினாள். நாச்சியா ஒரு தரம் அமத்தி வைத்தார். இரண்டாம் தரமும் அமத்தி வைத்தார். மூன்றாம் தரத்துக்கு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

நாச்சியா திரும்பிப் பார்த்தார். மருமகள் நெற்றியைப் பாயில் வைத்துச் சுஜூதில் இருந்தாள். போன் நாலாம் தரம் அடித்தது. ஒரு கோல் விடுபட்டாலும் என்ன நடக்கும் என்பது காலையில் ஷமீலா சொல்லி அவருக்கும் தெரிந்திருந்தது. ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தார்.

"கைத்துணையோ அக்கா?" ஒரு சின்னக் குரல். "செவ்வாயில இருந்து எடுக்கிறன். அடிச்சு அடிச்சு நிண்டுபோகுது. நேற்றுக் கிளினிக், போக வாகனம் கிடைக்கேல்லை. இண்டைக்குக் காலமையில இருந்து பிள்ளைத் துடிப்புக் குறைஞ்ச மாதிரிக் கிடக்கு."

நாச்சியா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தார். "எங்க இருந்து மகள்?"

"பூநகரி. உள்ளுக்க."

"எத்தினை மாசம்?"

"எட்டரை."

"தனியவோ இருக்கிறாய்?"

"அவர் கடலுக்குப் போயிட்டார்."

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, ஊரை விட்டு நடந்த நாச்சியாவுக்கும் எட்டரை மாதம்தான். வவுனியாவுக்கு அந்தப் பக்கம் ஒரு மர நிழலில் ஸஜாத் பிறந்தான். அதைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை. இப்போதும் கதைக்கவில்லை.

"இடப்பக்கம் சரிஞ்சு படு புள்ள. எழும்பாதே. வாகனம் வரும், நான் சொல்லுறன்," என்றார். அந்தக் குரலை விட்டுவிடப் பயந்து, ஷமீலா ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழும்பி வரும் வரைக்கும் "இருக்கிறியா மகள், இருக்கிறியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஷமீலா போனை வாங்கினாள். வீதி, அடையாளம், பெயர். மூன்று நிமிடத்தில் வான் புறப்பட்டது. ஒன்றே முக்காலுக்குச் சாரதியிடமிருந்து செய்தி வந்தது. ஆஸ்பத்திரியில் விட்டாயிற்று, பிள்ளையின் நாடி கேட்கிறதாம், வைத்தியர்கள் பக்கத்தில் நிற்கிறார்களாம்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் ஷமீலா. "நீங்க எடுத்தது நல்லதாப் போச்சு மாமி."

நாச்சியா சுவரோரம் பாயில் இருந்தபடி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு அடுப்பில் கிடந்தது.

ரெண்டே காலுக்குக் கிருசாந்தன் எடுத்தான். கை இரண்டும் வேலையில் இருந்ததால் ஷமீலா கைத்தொலைபேசியைச் சத்தமாகப் போட்டாள்.

"அக்கா, முதல்ல குறை நினையாதேங்கோ. தர்சினி மிஸ் சொன்னவா. எனக்கு அது தெரியாமல் எழுதிப்போட்டன்."

"பரவாயில்லை தம்பி. இதை முதல் பாருங்கோ." கொப்பியில் எழுதியதை வாசித்தாள்.

மறுபக்கத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. "நீங்கள் பாதியைப் பிடிச்சிட்டீங்கள் அக்கா. உங்கட போன் எங்கட சேர்வரிட்ட மணித்தியாலத்துக்கு ஒருக்காத்தான் 'நான் இருக்கிறன்' எண்டு சொல்லுது. சேர்வர் அதை நம்பிப் பச்சை போடும். ஆனா நடுவில உங்கட ரூட்டர் நிக்குதெல்லோ, அது ஒரு நிமிசம் ஒரு சத்தமும் இல்லாட்டிக் கதவைச் சாத்திப்போடும். உள்ளுக்க இருந்து வெளியில போகலாம். வெளியில இருந்து உள்ளுக்க வர ஏலாது."

ஷமீலாவின் வீட்டில் நிலைமை நேர்மாறு. வெளியிலிருந்து வர எத்தனையோ பேருக்கு முடியும், உள்ளே இருந்து போகத்தான் ஒருத்திக்கு முடியாது. அதை அவள் கிருசாந்தனிடம் சொல்லவில்லை.

"கதவு சாத்தாமல் இருக்கோணும் எண்டா, சாத்த முந்தி முந்தி ஒரு சத்தம் குடுத்துக்கொண்டே இருக்கோணும். நீங்கள் காலமையில இருந்து கையால செய்யிறதை அந்தப் போனே செய்யும். கொம்பியூட்டரைத் திறவுங்கோ, சொல்லித்தாறன்."

அவன் சொன்னபடி இலக்கத்தை அடித்து, கடவுச்சொல்லைப் போட்டு, மூன்றாவது பக்கத்துக்குப் போனாள். ஒரு கட்டத்தில் பூச்சியம் என்று நின்றது.

"அதில இருபத்தஞ்சு போடுங்கோ. இருபத்தஞ்சு செக்கனுக்கு ஒருக்கா அது தன்ர பாட்டில 'இருக்கிறன்' சொல்லும்."

"தம்பி, முந்தி ரெண்டு வரியமா ஒரு கரைச்சலும் இல்லாமல் வேலை செய்ததே."

"முந்தி ஆரோ விசயம் தெரிஞ்ச ஆள் கையால போட்டிருக்கினம். நாங்கள் போடேல்லை."

யார் என்று கேட்க வேண்டிய தேவை இல்லை. இந்தப் போனை இந்த மேசையில் வைத்தது ஸஜாத். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதோடு மினைக்கெட்டு, "இனி உனக்குப் பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தவன். என்ன செய்தான் என்று அவள் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. அவன் போன பிறகும் நூறு நாளுக்கு மேல் அவன் போட்ட அந்த எண் அவளுக்காக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஷமீலா அழ நேரம் இல்லாததால் இருபத்தைந்து என்று அடித்தாள்.

இரண்டு நிமிடம் மேசைப் போனைத் தொடாமல் விட்டார்கள். பிறகு கிருசாந்தன் மேசை இலக்கத்துக்கு எடுத்தான். முதல் அடியிலேயே அடித்தது.

"அப்ப அந்தப் பழைய எண் எப்பிடிப் போச்சு தம்பி?"

"போனை முழுசா அழிச்சிருக்கினம் அக்கா. உங்கட பேரும் நம்பரும் எங்கட சேர்வரில இருந்து தானா வந்திட்டுது, கையால போட்டது மட்டும் போயிட்டுது. இங்க பதிஞ்சு கிடக்கு. திங்கள் பின்னேரம் அஞ்சு பத்து."

"மின்சாரம் போய் வந்ததில..."

"அதில நடக்காது. நடுப் பட்டனைப் பத்துச் செக்கன் அமத்திப் பிடிக்கோணும். பிறகு அது 'அழிக்கவோ' எண்டு கேக்கும், 'ஓம்' எண்டு அமத்தோணும். தற்செயலா நடக்கிற விசயம் இல்லை."

திங்கள் பின்னேரம் ஐந்து பத்துக்கு ஷமீலா குளித்துக்கொண்டிருந்தாள். ஸஹ்றா பக்கத்து வீட்டில். அவள் கிருசாந்தனுக்கு நன்றி சொல்லி வைத்தாள். உடனே திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"மாமி."

"இருக்கிறன்," என்றார் நாச்சியா.

"திங்கக்கிழமை."

"நான்தான்." குரல் தணிந்திருந்தது, ஆனால் தடுமாறவில்லை. "றவூப் போனில சொல்லச் சொல்ல அமத்தினனான். ஓம் எண்டு வந்த இடத்திலயும் அமத்தினனான். போன் ஒரேயடியாச் செத்துப்போகும் எண்டுதான் அவன் சொன்னான். மற்ற நாள் பச்சை எரியிறதைப் பாத்து, ஒண்டும் ஆகேல்லை எண்டு நினைச்சன். பிறகு நீ கோல் வரேல்லை எண்டு சொல்லேக்க விளங்கிட்டுது."

"ஏன் மாமி?"

"இன்னும் பத்தொன்பது நாள். அதுக்குப் பிறகு நீ ஆர், நான் ஆர்? உனக்கு வயசு கிடக்கு. வேலை கிடக்கு. உன்ர உம்மா வீட்டில இருந்து வந்து மறுமணத்துக்குக் கேப்பினம், நீ ஓம் எண்டுவாய், ஸஹ்றாவும் உன்னோட போயிடும். வேலை இல்லாட்டி எங்களோட புத்தளம் வருவாய் எண்டு நினைச்சன். இத்தா முடிஞ்ச பிறகும் நீ என்னோட இருப்பாய் எண்டு."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டு, நீ ஏலாது எண்டு சொல்லியிருந்தா?"

ஷமீலாவுக்குக் கோபம் கொதித்தது. பூநகரியில் அந்தப் பெண்ணின் பிள்ளைக்கு ஏதும் ஆகியிருந்தால் என்று கேட்க வாய் வந்தது. கேட்கத் தேவையில்லை, மாமியின் முகத்திலேயே அது இருந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். இப்போது கோபத்தை எடுத்துக்கொண்டு போக இரண்டு அறையும் ஒரு குசினியும்தான் இருந்தது. அந்தக் குசினியிலும் மாமிதான் இருப்பார்.

"றவூப் மச்சானுக்கு எடுங்கோ," என்றாள் கடைசியில், மணி மூன்றரை ஆகும்போது. "வேலை போகேல்லை, நாங்க வரேல்லை எண்டு நீங்களே சொல்லுங்கோ."

நாச்சியா சத்தமாகப் போட்டு எடுத்தார். இரண்டாம் அடியில் றவூப் வந்தார்.

"உம்மா, நானே எடுக்க இருந்தன். விடிய ஸுபஹுக்கே வெளிக்கிட்டிட்டன். இங்கதான், பிள்ளை குர்ஆன் ஓதுற ஓதப்பள்ளி வாசல்ல நிக்கிறன். ஸஹ்றா வான்ல ஏறிட்டா, ஐஸ்கிறீம் குடிச்சுக்கொண்டு சந்தோசமா இருக்கிறா."

நாச்சியா ஷமீலாவைப் பார்த்தார். "ஏன் மகன் இண்டைக்கு? சனிக்கிழமை எண்டல்லோ சொன்னாய்?"

"பள்ளிக்கூடத்தில இடம் கிடைச்சிட்டுது. நாளைக்குக் காலமை பிள்ளையைக் கொண்டுபோய்ப் பதியோணும், பிந்தினா இடம் போயிடும். நீங்களும் ரெண்டு உடுப்பை எடுத்துக்கொண்டு வாங்கோ. ஷமீலாவுக்கு இப்ப வெளிக்கிட ஏலாதுதானே. இத்தா முடிய நானே வந்து கூட்டிக்கொண்டு போறன். அதுமட்டும் துணைக்கு அவவின்ர உம்மாவை வரச் சொல்லுவம்."

"வேலை போகேல்லை மகன்."

"நீங்கதானே உம்மா முந்தநாள் போயிட்டுது எண்டு சொன்னீங்க. அதை நம்பித்தானே நான் எல்லாம் ஒழுங்குபடுத்தினன்." அவர் சத்தம் போடவில்லை. தம்பியின் பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கை ஒவ்வொரு சொல்லிலும் இருந்தது. அப்படிப்பட்டவரோடு சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். "கெதியா வாங்கோ. வெயில் இறங்க முந்தி மாங்குளம் தாண்டோணும்."

போன் வைக்கப்பட்டது.

ஷமீலா எழும்பிவிட்டாள். கைக்கு அகப்பட்ட துப்பட்டியைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஓதப்பள்ளி இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறது. பெற்ற பிள்ளைக்காகப் பகலில் ஒரு தரம் வெளிக்கிட்டால் அல்லாஹ் அவளைக் கேட்கமாட்டான், அது அவளுக்குத் தெரியும். தெரு கேட்கும். அதையும் தாங்கலாம்.

ஆனால் மணி மூன்று நாற்பது. நாலு மணிக்குள் ஒரு கோல் விடுபட்டாலும் வேலை இல்லை. வேலை இல்லையென்றால், பிள்ளையை ஏன் இங்கே வைத்திருக்க வேண்டும் என்று றவூப் கேட்கும்போது சொல்ல ஒரு சொல்லும் இல்லை. இங்கே நின்றால் பிள்ளை போய்விடும். போனால் பிள்ளையை வைத்திருக்கிற காரணம் போய்விடும். படிக்கட்டில் ஒரு கால் இறங்கியும் ஒரு கால் இறங்காமலும் நின்றாள்.

நாச்சியா அவளைத் தோளில் பிடித்து உள்ளே தள்ளினார். கறுப்பு அபாயாவைச் சட்டைக்கு மேலே மாட்டிக்கொண்டே செருப்பைத் தேடினார்.

"நீ இரு. நான் போறன்."

"மச்சான் கேக்கமாட்டார் மாமி."

"நான் பெத்தவன். கேக்காட்டிப் பாப்பம்."

படலை திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது. அதே நேரம் அறைக்குள் தொலைபேசி அடித்தது. ஷமீலா ஓடிப்போய் எடுத்தாள்.

"கைத்துணை. சொல்லுங்கோ."

அந்தப் பக்கத்தில் ஒரு பெண் தன் ஊரைச் சொன்னாள். ஷமீலா எழுதினாள். மாதத்தைச் சொன்னாள், அதையும் எழுதினாள். வீதியின் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. பக்கத்துக் கடைக்குப் போனாலும் "போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போகிற மாமி, இன்று அப்படிச் சொல்லவில்லை.

"போறன்" என்றுதான் சொன்னார்.